கம்ப்யூட்டர் கொடுத்த சுண்டுவிரல்

நாரணாபுரம் பட்டாசு ஆலையில் வெடிக்கு மருந்து அடைக்கும்போது தீப்பற்றி என் வலது கை வெந்தது. சுண்டுவிரலும் போய்விட்டது. தழும்பு தடித்து இழுத்ததால், அதை அமுக்கி வைக்க இறுக்கமான கையுறை போடச் சொன்னார் டாக்டர். அதற்கு அளவு கொடுக்க மகளோடு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது, அது வேறு சந்தோஷம்.

டேப் வைத்து அளப்பார்கள் என்று பார்த்தால், அங்கிருந்த பெண் டார்ச் மாதிரி ஒன்றை என் கையைச் சுற்றிக் காட்டினாள். வலிக்கவே இல்லை. எனக்கு ஒரே சிரிப்பு. உடனே திரையில் என் கை வந்தது. எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, விரலை எண்ணத் தெரியும். ஐந்து இருந்தது!

"ஆத்தாடி, முளைச்சிருச்சா?" என்றேன்.

அந்தப் பெண் பதறினாள். "மன்னிச்சுக்கோங்க பாட்டி. இல்லாத இடத்தக் கம்ப்யூட்டரே நிரப்பிருச்சு. எடுத்துர்றேன்."

மகள் தடுத்தாள். "இருக்கட்டும்ங்க. யம்மா, கையுறையில அந்த விரலுக்குள்ள பஞ்ச வச்சு அடைச்சுக்கோ. உன் பேத்தி கல்யாணத்துல ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரிஞ்சா என்னடி? நான் என்ன திருடிட்டா வந்தேன்?"

"சபையில எல்லாரும் பாப்பாக, யம்மா."

"நல்லாப் பாக்கட்டும். வெடி போட்டு ஆடுனவுகளுக்கு வராத வெக்கம் எனக்கு மட்டும் எதுக்கு? வாசல்ல நின்னு எல்லாருக்கும் சந்தனம் குடுக்கப் போறதே நாந்தான். நீங்க எடுங்க தாயி."

அவள் அந்த விரலை அழித்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரையில் என் கை நான்கு விரலோடு மெல்லச் சுற்றியது. இன்னொரு தடவை சுற்றிக் காட்டச் சொன்னேன்.