ஐஸ் பெட்டிக்குள் ஒரு பல்பு

அம்மா ஐஸ் விற்றவள். பள்ளிக்கூட வாசலில், கேரியரில் நீலப் பெட்டி கட்டிய சைக்கிளோடு நிற்பாள். எல்லோருக்கும் அவள் ஐஸம்மா. சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் வீட்டுக்கு வழி சொல்ல ஆள் கிடைக்காது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அது அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்த பட்டம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

பெட்டியை அவள் முழுதாகத் திறந்து நான் பார்த்ததில்லை. மூடியை லேசாகத் தூக்கி ஒரு கையை மட்டும் உள்ளே விடுவாள். கேட்ட ஐஸ் கைக்கு வந்ததும் மறு கை மூடியை டப்பென்று அழுத்திவிடும். வீட்டிலும் அதே கதைதான். டப்பாவோ ஜன்னலோ, அவள் கண்ணெதிரே எதுவும் திறந்து கிடக்கமுடியாது.

மூட்டுவலியால் சைக்கிளை விட்ட பிறகு அவளுக்குத் துணை ஒரு புள்ளிக்கோழி. மகாராணி என்று கூப்பிடுவாள். அது அடைகாத்துக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் தெருநாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. நான் எழுந்து வந்து பார்த்தால், அம்மா சமையலறைத் தரையில் மடி நிறைய முட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னும் சூடு இருக்குடா. அதோட குஞ்சு ஒண்ணாவது வேணும் எனக்கு. நீ படிச்சவன்தானே, ஏதாவது பண்ணு."

அவள் என்னிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லாதவள். நான் படித்ததோ கணக்கு. போனில் தேடிப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். நான் வரும்வரை வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி முட்டைகளுக்கு நடுவே வைத்திருந்தாள். பரணிலிருந்து ஐஸ் பெட்டி இறங்கியது. உள்ளே ஒரு பல்பு, சூடு ஏறினால் அதை அணைக்கிற சின்னக் கருவி, ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். கடைசியாக டிரில்லிங் மெஷினை எடுத்தேன்.

"அது எதுக்குடா?"

"உள்ள இருக்கறது மூச்சு விட வேண்டாமா? காத்து போக ஓட்டை வேணும்மா."

"ஒரு கீறல் விழாம வச்சிருந்தேன். பட்டம் வாங்கினவரு வந்து ஓட்டை போடறாரு."

சத்தம் நிற்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

முட்டைகளை அவள்தான் வேளை தவறாமல் திருப்பி வைத்தாள். பள்ளிக்கூட வாட்ச்மேன் பார்க்க வந்தார்.

"என்ன ஐஸம்மா, இனிமே அவிச்ச முட்டை வியாபாரமா?"

"வாயைக் கழுவுய்யா."

இருட்டறையில் டார்ச்சை வைத்து முட்டைக்குள் காட்டினேன். சிவப்பு நூல்போல நரம்புகள், நடுவில் ஏதோ துடித்தது. அம்மா டார்ச் பிடித்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், ஓட்டைகளில் துணி.

"யாரும்மா அடைச்சது?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். "நெனப்பே இல்லடா. ஓட்டையைப் பாத்ததும் கை தானா போயிருக்கு."

டார்ச் வெளிச்சத்தில் பாதிக்கு மேற்பட்ட முட்டைகளில் அசைவில்லை. கோழி போன அன்று குளிர்ந்ததாலும் இருக்கலாம் என்றேன்.

"எனக்காகச் சொல்லாத." அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து, முட்டை திருப்புகிற நேரம் போக, பெட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள், இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி.

கடைசி மூன்று நாள் பெட்டியைத் திறக்கக்கூடாது, உள்ளே ஈரம் போய்விடும் என்று சொன்னவன் நான். பொறுக்கமுடியாமல் தவித்தவனும் நானே. உள்ளே மெல்லிசாகக் கீச்சென்றதும் என் கை மூடிக்குப் போனது. சுளீரென்று ஒரு அடி.

"எடு கையை. உருகிடும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு நிற்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அவளே மூடியை முழுசாகப் பின்னால் சாய்த்தாள். ஓடுகளுக்கு நடுவே இரண்டு குஞ்சுகள். ஒன்றின் முதுகில் புள்ளி. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மறு கை வழக்கம்போல மூடியைத் தேடிக் கிளம்பியது. பாதி வழியில் நின்றது. பிறகு திரும்பி வந்து குஞ்சின்மேல் கவிந்தது, அழுத்தாமல்.