கழுகின் காலில் என்ன

குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே ஏறும் சந்தில் அனுராதாவின் ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட், லைசென்ஸ், பள்ளிக்கூட அடையாள அட்டை என்று பத்தொன்பது வருடங்களாக அவள் எடுத்த படங்கள் எல்லாமே ஆறடிக்குள் உட்கார்ந்திருந்த முகங்கள். "தலையை லேசா நிமிருங்க, காது தெரியட்டும்" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வாள். தூரத்தில் இருப்பதைப் படம் பிடிக்க வேண்டிய தேவை அவளுக்கு வந்ததே இல்லை, போன பிப்ரவரி வரைக்கும்.

எடப்பள்ளியில் அவளும் கணவனும் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடிக்குக் கீழே தேயிலைச் சரிவு இறங்கும். சரிவு முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஓடை, ஓடையைத் தாண்டியதும் சோலை. ஒரு நாள் காலை ஒன்பதரை மணிக்குத் துணி காயப்போட மாடிக்கு வந்தவள், ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு பெரிய பறவை. உடம்பெல்லாம் கறுப்பு, காலும் மூக்கடியும் மட்டும் மஞ்சள். சிறகை ஒரு முறைகூட அடிக்காமல், செடிகளின் தலையைத் தடவுவது போலத் தாழ்வாக, எங்கே விழுந்துவிடுமோ என்று பார்க்கிறவர் பயப்படும் அளவுக்கு மெதுவாகப் பறந்தது. அதன் காலில் கைப்பிடி அளவுக்கு ஏதோ ஒன்று இருந்தது. உருண்டையாக, காய்ந்த புல் நிறத்தில்.

அவசரமாகப் போனை எடுத்துப் படம் பிடித்தாள். பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு கறுப்புக் கமா. அதற்குக் கீழே ஒரு புள்ளி.

கணவன் கமலேஷ் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். படத்தைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"கருங்கழுகு. கூடு கட்டறதுக்குப் புல்லு கொண்டு போகுது. வேறென்ன?"

"கூடு கட்டறதுன்னா நேரா மரத்துக்குத்தானுங்களே போகோணும்? இது சுத்திச் சுத்தியில்ல வந்துச்சு. அதுவுமில்லாம அவ்வளவு பெரிய கழுகு, குச்சியை விட்டுட்டுப் புல்லையா கொண்டு போகும்?"

அடுத்த வாரம் அதே கழுகு, அதே நேரம், மறுபடியும் காலில் ஒரு உருண்டை. அன்றைக்கு ஸ்டுடியோவில் ஒரு பெரியவருக்குக் காது தெரியாமலே படம் எடுத்துவிட்டு, அவர் திரும்பி வந்து கேட்டபோதுதான் உணர்ந்தாள், மனசு இன்னும் மொட்டை மாடியில்தான் நின்றுகொண்டிருக்கிறது என்று.

காமிரா அவளிடம் இருந்தது. பழசானாலும் நல்ல காமிரா. இல்லாதது அந்தக் கழுகின் காலை எட்டிப் பார்க்கும் லென்ஸ். ஸ்டுடியோவுக்குப் புது பிரிண்டர் வாங்க நாற்பத்தைந்தாயிரம் ஒதுக்கி வைத்திருந்தாள். பழைய பிரிண்டரே இன்னும் ஒரு வருடம் இழுக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

முதலில் கல்யாணப் படம் எடுக்கும் ஒரு பழக்கக்காரரிடமிருந்து இருநூற்றைம்பது மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். விலை குறைந்த ரகம், கைக்கு அடக்கம். இது போதுமென்றால் இதையே வாங்கிவிடலாம். போதுமா என்று கழுகு வரும் வரைக்கும் காத்திருந்து பார்க்க வேண்டுமா என்ன? தேங்காய் நாரைக் கழுகு கொண்டுபோன அளவுக்கு உருட்டினாள். அதற்குள் ஒரு காடை முட்டையைப் பாதி தெரிகிற மாதிரி செருகினாள். மூங்கில் கழியின் நுனியில் கட்டி, கமலேஷின் கையில் கொடுத்தாள்.

"எண்பது அடி எடுத்து வச்சுப் போயி நில்லுங்க. நான் கையக் காட்டுனா, கழியத் தூக்கிட்டு மெதுவா நடங்க."

"அனு, எனக்கு ரெண்டாவது ஷிஃப்டு இருக்குது."

"பத்து நிமிசமுங்க."

அவன் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோயில் திருவிழாவில் குடை பிடிப்பவன் மாதிரி நடந்தான். பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அங்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க தம்பி, பேய் ஓட்டறீங்களா?"

"இல்லீங்கக்கா. எம்பட ஊட்டுக்காரி மேல இருந்து படம் புடிக்கறா."

"உங்களையா?"

"இந்த முட்டையை."

பெண்கள் சிரித்த சிரிப்பு மாடி வரைக்கும் கேட்டது. அங்கம்மா சிரிக்காமல் கழியின் நுனியையே பார்த்தாள். "முட்டை எதுக்குங்க?" என்றாள். கமலேஷ் கழுகைப் பற்றிச் சொன்னான். "அந்தக் கறுப்பனா? தெனம் எங்க தலைக்கு மேலதான் போகுது. காலுல என்னன்னு யாரு பாத்தா!" என்று சொல்லிவிட்டு அவள் கூடையை மாட்டிக்கொண்டாள்.

படத்தில் நார் தெரிந்தது. அதில் ஏதோ வெளுப்பாக இருப்பதும் தெரிந்தது. ஆனால் அது முட்டையா, காகிதமா, வெயில் பட்ட நாரா என்று சொல்ல முடியவில்லை. அதைவிட மோசம், கமலேஷ் நடக்க ஆரம்பித்ததும் லென்ஸ் தடுமாறியது. ஒரு முறை அவன் தலையைப் பிடித்தது, ஒரு முறை பின்னாலிருந்த சில்வர் ஓக் மரத்தை. நடக்கிற கமலேஷையே பிடிக்க முடியாத லென்ஸ் பறக்கிற கழுகை எப்படிப் பிடிக்கும்?

மூன்று வாரம் அவள் படித்ததும் விசாரித்ததும் கொஞ்சமல்ல. நூற்றைம்பதிலிருந்து அறுநூறு வரைக்கும் நீளும் பெரிய லென்ஸைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். புதுசு என்றால் விலையைக் கேட்டதும் போனை வைத்துவிட வேண்டியதுதான். முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஒன்றை உள்ளே வைத்துச் செய்த ஐந்நூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஆனால் அதைக் கையால் திருகித்தான் கூர்மை பிடிக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஆந்தைக்குச் சரி, கழுகுக்கு ஆகாது. கடைசியாக நானூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைப் பற்றித் தெரியவந்தது. பழைய மாடல். முன்னும் பின்னும் நீளாது, ஒரே தூரம்தான். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் கிடையாது. அதனாலேயே பலரும் அதை விற்றுவிட்டுப் புதுசுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள்.

கை நடுக்கம் என்ற இடத்தில்தான் அவளுக்கு யோசனை ஓடியது. அந்த வசதி தன் கை ஆடுவதைத்தானே நிறுத்தும்? கழுகு பறப்பதை நிறுத்தாதே. கழுகை நிறுத்த வேண்டுமானால் நொடியை இரண்டாயிரம் துண்டாக்கி அதில் ஒரு துண்டில் எடுக்க வேண்டும். அவ்வளவு சின்ன நேரத்தில் கை எங்கே ஆடப்போகிறது? அப்படியானால் மற்றவர்கள் குறையென்று தள்ளிவிடுவது தனக்குக் குறையே இல்லை.

ஊட்டியில் ஒருவர் அப்படியொரு லென்ஸை விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். பஸ் பிடித்துப் போனாள். வெளியே பளபளப்பு, கீறல் இல்லை, விலையும் குறைவு. அனுராதா போன் டார்ச்சை ஒரு முனையில் வைத்து மறுமுனையில் கண்ணை வைத்தாள். உள்ளே கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளை நூல் நூலாகச் சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சை. இந்த மலையின் ஈரத்தில் அலமாரிச் செருப்பிலேயே அது பூக்கும், லென்ஸை விட்டுவைக்குமா? "அதெல்லாம் படத்துல தெரியாதுங்க" என்றார் விற்கிறவர். "இன்னைக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த பஸ்ஸுக்கு நடந்தாள்.

அதற்கப்புறம்தான் கூடலூர் ஷிஜோ. மலையாளி; கல்யாணப் படம் எடுப்பவர்களுக்குக் காமிரா வாடகைக்கு விடுகிறவன், பழசு வாங்கி விற்கவும் செய்வான். அவள் கேட்டதை விட்டுவிட்டு முதலில் அந்த அறுநூறு லென்ஸைத்தான் கையில் கொடுத்தான். அதுவும் பழசுதான், ஆனாலும் அவள் வைத்திருந்ததற்கு மேலே இருபதாயிரம்.

"சேச்சி, இதொண்ணு பிடிச்சு நோக்குங்க. எல்லாரும் இதைத்தான் கொண்டு போறாங்க."

இரண்டு கிலோ. கடைக்கு வெளியே மின்கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கையைக் குறி வைத்தாள். பார்வைக்குள் காக்கை பிரமாதமாக நிறைந்தது. ஆனால் இரண்டு நிமிடம் ஆவதற்குள் இடது தோள் இறங்கிவிட்டது. காக்கை பறந்தபோது பின்தொடர முடியாமல் வெறும் வானத்தைத்தான் படம் பிடித்தாள்.

ஷிஜோ அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "சேச்சிக்கு உண்மையில எந்தா காணணும்? ஆனையா, புலியா?"

"ஒரு கழுகு. காலுல என்ன வச்சிருக்குதுன்னு பாக்கோணும்."

"அது மாத்ரமா?"

"அது மட்டுந்தான்."

அவன் சிரிக்கப்போகிறான் என்று நினைத்தாள். அவனோ ஸ்டூலை இழுத்துப் போட்டு, எவ்வளவு தூரத்தில் பறக்கும், எந்த நேரத்தில், வெயில் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பிறகு உள்ளே போய் ஒரு துணிப் பையைக் கொண்டு வந்தான். நானூறு. மேல் பூச்சு இரண்டு இடத்தில் உரிந்திருந்தது, முனையிலிருந்த வெயில் மறைப்பு வளையம் இறுகிப்போய் நகரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணாடி சுத்தம். தூக்கிப் பார்த்தாள். அதன் எடை அவள் தினமும் மார்க்கெட்டிலிருந்து சுமந்து போகும் காய்கறிப் பைக்கும் குறைவு. காக்கை திரும்பி வந்து, மறுபடி பறந்தது. இந்த முறை அவள் கையும் அதோடு போனது.

நாற்பத்திரண்டாயிரத்துக்கு முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு அதற்குள் லென்ஸைப் படுக்க வைத்தாள். கமலேஷ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"எங்க வேணா திருப்பு. எங்க ஃபேக்டரிப் பக்கம் மட்டும் திருப்பிப்புடாத தாயே."

முதல் நாள் மூடுபனி. அதற்கடுத்த மூன்று நாளும் மூடுபனி. ஐந்தாம் நாள் கழுகு வந்தது, வெறுங்காலோடு. ஆறாம் நாள் அவள் எடுத்த இருபது படத்திலும் சிறகின் நுனி மட்டும் இருந்தது. கழுகை லென்ஸுக்குள் கொண்டுவருவதே ஒரு வித்தை என்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் கால்மணி நேரம், மாடிக்கு மேலே போகும் காக்கைகளைப் பின்தொடர்ந்து பழகினாள். ஸ்டுடியோவைப் பத்து மணிக்குப் பதிலாகப் பதினொன்றுக்குத் திறந்தாள். கதவில் போன் நம்பரை எழுதி ஒட்டியிருந்தாள்.

பதினொன்றாம் நாள் வானம் கழுவி விட்டது போல இருந்தது. கழுகு சோலைப் பக்கமிருந்து வந்தது, சரிவின் பாதியில் தேயிலைக்குள் சட்டென்று இறங்கியது. இரண்டு குருவிகள் கத்திக்கொண்டே மேலும் கீழும் பாய்ந்தன. கழுகு எழும்பியபோது காலில் உருண்டை. அனுராதா மூச்சை விடவில்லை. விரலை அழுத்தியபடியே கழுகோடு மெல்லத் திரும்பினாள்.

மாடியிலேயே உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு திரையைப் பெரிதாக்கினாள். மஞ்சள் விரல்கள். அவற்றுக்கு நடுவே நாரும் புல்லும் வைத்துப் பின்னிய ஒரு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்புக்கு மேலே இரண்டு சின்னத் தலைகள், இறகு முளைக்காதவை. இரண்டு வாயும் அகலத் திறந்திருந்தன. சிறகின் நிழல் மேலே விழுந்ததும் தாய்தான் வந்திருக்கிறது என்று இரை கேட்கின்றன.

கழுகு கூடு கட்டவில்லை. கூட்டையே தூக்கிப் போகிறது.

அனுராதா வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. தெரிந்துகொண்ட சந்தோஷம் நெஞ்சில் துள்ளியது. அந்தத் திறந்த வாய்களைப் பார்த்ததும் அது அடங்கியது. மறுபடி துள்ளியது. இப்படியும் ஒரு பறவை சாப்பிடுமா என்று இணையத்தில் தேடினாள். சாப்பிடும்; பலர் பார்த்து எழுதியிருந்தார்கள். மற்றவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் இந்தக் கழுகு, இந்தக் கூடு, இந்தக் காலைப்பொழுது வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை காமிராவோடு சரிவில் இறங்கினாள். கழுகு இறங்கிய இடத்தைத் தேடிப் போனபோது அங்கே அங்கம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்கம்மா தேடறீங்க?"

"ஒரு குருவிக் கூடுங்கக்கா. இங்கதான் எங்கியோ இருந்திருக்கோணும்."

அங்கம்மாவின் கை நின்றது. "கொண்டை வச்ச சின்னான் கூடா? அது எம்பட நிரையில இருந்ததுங்க. பத்து நாளா அந்தச் செடியில மட்டும் கொழுந்து கிள்ளாம விட்டிருந்தேன். சூப்பர்வைசர்கிட்ட திட்டும் வாங்குனேன். நேத்து டீ குடிச்சுட்டு வந்து பாத்தா கூடே இல்லீங்க. ஒரு நாரு கூட இல்ல. பாம்பு வந்தாக் குஞ்சுதானே போகும், கூடு எப்படிப் போகும்னு ராத்திரியெல்லாம் ஒரே ரோசனை."

அனுராதா காமிராத் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

அங்கம்மா மழைக்குத் தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் கொங்காணியை விலக்கிக்கொண்டு குனிந்தாள். முதலில் புரியவில்லை. அனுராதா பெரிதாக்கிக் காட்டினாள். "அடங்கொப்பனே" என்றாள் அங்கம்மா, மெதுவாக. "கூட்டோடயா?" அவள் விரல் திரையில் அந்தக் கிண்ணத்தின் ஓரத்தைத் தொட்டது. "ஆமாங்க. இந்த நீல நூலு எம்பட சாக்குல இருந்து பிரிஞ்சது. இதேதான்."

அங்கம்மா வெறுமையாகக் கிடந்த செடிக் கவட்டைப் பார்த்தாள், ஓடைக்கு அப்பாலிருந்த சோலையைப் பார்த்தாள். அழுதுவிடுவாளோ என்று அனுராதா நினைத்தாள்.

"ஏனுங்கம்மா," என்றாள் அங்கம்மா, "அது எங்காச்சும் உக்காந்து திங்குதா, இல்ல பறந்துக்கிட்டேவா?"

அனுராதா அதை யோசிக்கவே இல்லை. முந்தின நாள் ஒன்பது படங்கள் எடுத்திருந்தாள். கூர்மையாக இருந்த இரண்டை மட்டும்தான் பார்த்திருந்தாள். வரிசையோரத்தில் இருவரும் குந்தி உட்கார்ந்து மற்றவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். ஆறாவதில் கழுகு நேராகப் பார்த்துப் பறந்தது. ஏழாவதில் தலை தாழ்ந்தது. எட்டாவது மங்கல். ஒன்பதாவதில் கழுகு சோலையை நெருங்கிவிட்டது, உருவம் சிறுத்திருந்தது. ஆனாலும் அதன் கழுத்து நன்றாக வளைந்து, அலகு அதன் காலுக்கே வந்திருந்தது.

"பறந்துக்கிட்டேதான்," என்றாள் அங்கம்மா. அவள் கண் திரையை விட்டு எடுபடவில்லை. "இன்னொருக்கா மொதல்ல இருந்து காட்டுங்க பாக்கலாம்."