மூடியைக் கீழே வைக்காதவர்

எங்கள் வானியல் சங்கத்தில் அவருடைய பெயர் உறுப்பினர் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. வாயில் வருவதெல்லாம் மூடி அண்ணன்தான். தொழில் வெல்டிங். இரும்புக் கதவும் சன்னல் கம்பியும் செய்து பிழைக்கிறவர். எங்கள் தொலைநோக்கி நிற்கிற தாங்கியைச் செய்து கொடுத்தவரும் அவரே. குழாயின் வாய்க்குத் தகரத்தில் ஒரு மூடியும் செய்தார். பொதுமக்கள் வருகிற நாளில் அந்த மூடி அவர் கையிலோ கக்கத்திலோதான் இருக்கும். டீ குடிக்கும்போதுகூடக் கீழே வைக்கமாட்டார். "அண்ணே, அதுக்கும் ஒரு டீ சொல்லவா?" என்று கேலி செய்தவர்களில் நான்தான் முதல் ஆள். சங்கத்தின் செயலாளர் வேறு. என் வாய்க்குக் கேட்கவா வேண்டும்?

ஒரே ஒருமுறை அந்தக் கேலிக்குப் பதில் சொன்னார். இருபது வயதில், தம்பி கதவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் பற்றவைப்பைத் தொடங்கிவிட்டாராம். அந்த வெளிச்சம் பட்டு மூன்று நாள் தம்பியால் கண்ணைத் திறக்க முடியவில்லை. "அவன் கதறுனது இன்னும் காதுல கேக்குது சார்" என்றார். அன்றிலிருந்து பட்டறையில் ஒவ்வொரு பொறிக்கு முன்னாலும் "கண்ணு!" என்று கத்துவார். தெருவில் போகிறவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இனி என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

"பட்டப்பகலில் வெள்ளி கிரகத்தைப் பாருங்கள்" என்று நோட்டீஸ் அடித்து ஊரைக் கூட்டியது நான்தான். பள்ளி மைதானம், மாலை நாலரை மணி. மைதானத்தின் ஓரத்தில் நான்கு தூண்கள் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அதன் நிழலில் தொலைநோக்கியை நிறுத்தினோம். நிழலுக்குள் இருக்கும்வரை சூரியன் குழாய்க்குள் எட்டிப்பார்க்க முடியாது. பகலில் வெள்ளியைத் தேட அதுதான் பாதுகாப்பான வழி. மூடி அண்ணன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொருவரையும் குனிய வைத்துக் காட்டினார். குட்டி அரைநிலா மாதிரி வெள்ளி தெரிந்தது.

என் மனைவியும் வந்திருந்தாள். "வானத்தைப் பாக்கறவருக்கு வீட்டுக் கூரை ஒழுகறது தெரியாது" என்று பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், அன்றுதான் முதல்முறையாக வரிசையில் நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மைக்கைப் பிடித்தவன் விடவேயில்லை.

நடுவில் மைக் கரகரத்தது. "அண்ணே, இந்த ஒயரைக் கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிட்டேன்.

"அங்க ஆள் இல்லையே சார்."

"ரெண்டு நிமிஷம்தாண்ணே!"

அரைமனதோடு வந்தார், மூடி கக்கத்தில் இருந்தது. அவர் மைக் பெட்டி இருந்த பெஞ்சுக்கடியில் உட்கார்ந்து ஒயரை முறுக்கினார். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

"வெள்ளி நகர்ந்து போயிட்டா கலங்காதீங்க. குழாயை மேற்குப் பக்கமா மெல்லத் தள்ளுங்க. வெளிச்சம் கூடுற பக்கமாப் போங்க, தானா மாட்டிக்கும்!"

கைதட்டினார்கள். மூடி அண்ணன் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு தொலைநோக்கியைப் பார்த்தார்.

நிழல் அங்கே இல்லை. சூரியன் தொட்டிக்குக் கீழே இறங்கித் தூண்களின் நடுவே வந்துவிட்டது. குழாய் முழுக்க வெயில். என் மனைவி கண்ணை வில்லையோடு ஒட்டவைத்துக்கொண்டு, இடது கையால் குழாயை மேற்கே தள்ளிக்கொண்டிருந்தாள். மெல்லத்தான். நான் சொன்னபடியேதான்.

கையில் மைக் இருந்தும் எனக்குக் குரல் வரவில்லை. என் மூச்சுதான் ஒலிபெருக்கியில் புஸ்புஸ்ஸென்று கேட்டது. தினம் ஐம்பது தடவை "கண்ணு!" என்று கத்துகிற மனிதரும் அன்று கத்தவில்லை. கத்தினால் அவள் திடுக்கிடுவாள், குழாய் ஒரே உந்தலில் சூரியனுக்குப் போய்விடும். ஓடவும் இல்லை. இருபத்தைந்து அடி தூரத்தைச் சத்தமில்லாமல், விடுவிடுவென்று நடந்தார். அவள் கை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. அவர் எட்டிக் குழாயின் வாயை மூடினார்.

"என்னண்ணே இது! இப்பத்தான் பளபளன்னு வர ஆரம்பிச்சுது, மூடிட்டீங்களே!" என்று அவள் சலித்துக்கொண்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. "தள்ளி நில்லுங்க தங்கச்சி" என்றார். கீழே கிடந்த எங்கள் நோட்டீஸை எடுத்து, அவள் கண் இருந்த இடத்தில் பிடித்தார். குழாயை இன்னும் இரண்டு விரற்கடை நகர்த்தி மூடியை எடுத்தார். காகிதம் கருத்தது, புகைந்தது, ஓட்டை விழுந்தது. திரும்பவும் மூடினார்.

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் தெரியறேனா? சொல்லு, தெரியறேனா?" என்று கேட்டேன்.

"தெரியறீங்க. விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க." அப்படிச் சொன்னாளே தவிர, என் சட்டையை அவளும் விடவில்லை.

மூடி அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன். முந்திக்கொண்டார்.

"நான் அந்த இடத்தை விட்டு வந்திருக்கக் கூடாது சார்."

கூப்பிட்டவன் நான். அதை அவர் சொல்லவில்லை, எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

வீட்டுக்கு நடக்கும்போது பயமெல்லாம் எனக்குக் கோபமாகத் திரும்பியது. "யாரு உன்னைத் தள்ளச் சொன்னது?" என்று சீறினேன்.

அவள் நின்றாள். கண்களை ஒருமுறை மூடித் திறந்து, என்னை நேராகப் பார்த்தாள்.

"மைக்குல நீங்கதான் சொன்னீங்க. பதினொரு வருஷத்துல இன்னைக்குத்தான் உங்க பேச்சை அப்படியே கேட்டேன்."