உட்கார முடியாத யோகா டீச்சர்

முதலில் வலித்தது கழிப்பறையில்தான். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. உட்கார்ந்ததும் இடது பிட்டத்துக்கு அடியிலிருக்கும் எலும்பில் ஆணி இறங்கியது போல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். யோகா சொல்லிக்கொடுக்கிற உடம்புக்கு இது என்ன கேடு என்று எரிச்சலாக வந்தது.

இதே இடத்தில் வலி கண்டு, இந்தப் பக்கத்தை நின்றுகொண்டோ குப்புறப் படுத்துக்கொண்டோ படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆறுதலாக எழுத வருமா என்று தெரியாது. அந்த மாதங்களில் எனக்கு அழுகையைவிட அருவருப்புதான் அதிகம் வந்தது.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து ஆன்லைனில் யின் யோகா கற்றுக்கொடுக்கிறேன். ஓர் ஆசனத்தில் தசைகளைத் தளரவிட்டு, ஐந்து நிமிடம் போல அசையாமல் இருப்பதுதான் யின். என் மாணவிகள் தென்காசி, வடகரை, செங்கோட்டைப் பக்கத்துப் பெண்கள். பலருடைய கணவன்மார் வளைகுடாவில் இருக்கிறார்கள். வீட்டில் மாமனார், கொழுந்தன் நடமாட்டம் இருக்கும் என்பதால் யாரும் கேமராவைப் போடுவதில்லை. நான் பார்ப்பது பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்களை மட்டும். அவர்கள் என்னை முழுதாகப் பார்ப்பார்கள்.

நேரில் நடத்தினால் ஆசிரியர் கூடவே ஆசனம் செய்ய வேண்டியதில்லை. நடந்து பார்த்து, ஒருவருக்கு முழங்காலுக்கடியில் தலையணை வைப்பார், இன்னொருவரைக் கொஞ்சம் நிமிரச் சொல்வார். கறுப்புக் கட்டத்துக்கு எங்கே தலையணை வைப்பது? அதனால் நானும் எல்லாவற்றையும் செய்தேன். ஆசனத்தின் நேரம் முடிந்து மணி அடித்த பிறகும், மெதுவாக எழுகிறவர்கள் இருப்பார்களே என்று குனிந்தபடியே காத்திருப்பேன். இது போக, அவரவர் உடம்புக்கு ஏற்ற பயிற்சியைத் தனித்தனியாகச் செய்து காட்டி, பதிவு செய்தும் அனுப்புவேன். நாள் முழுக்கத் தொடையின் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டே இருந்தேன். வலி வந்ததும், இறுக்கம்தான் காரணம் என்று இன்னும் இழுத்தேன்.

என் கணவர் செங்கோட்டையில் காவல்துறையில் இருக்கிறார். அவரிடம் எல்லா நோவுக்கும் ஒரே மருந்துதான்.

"குத்தாலத்துல தண்ணி நல்லா விழுது. போயி நின்னேன்னா வலி பறந்துரும். ஏட்டி, கிளம்பு."

காரின் பின்சீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு போனேன். சீசன் கூட்டம். பெண்கள் பக்கத்தில் காலடியில் ஷாம்பு உறைகள், கால்விரலில் சுற்றிக்கொள்ளும் யாரோ ஒருத்தியின் முடிக்கற்றை, எண்ணெய்ச் சிக்கு. என் முதுகில் எவளுடைய முழங்கையோ. தண்ணீர் சரியாக அந்த எலும்பின் மேலேயே கல்லாக விழுந்தது. கம்பியைப் பிடித்தபடி ஓரமாக வாந்தி எடுத்தேன். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னை விட்டு விலகிப் போனாள். நானும் அவளிடத்தில் இருந்தால் விலகித்தான் போயிருப்பேன்.

மறுநாள் தென்காசியில் எலும்பு மருத்துவரிடம் போனோம். வராந்தாவில் நாற்காலிகள் காலியாகக் கிடக்க நான் நின்றேன். போகிறவர் வருகிறவரெல்லாம் "உக்காருங்கக்கா, எடம் கெடக்கே" என்றார்கள். அந்த அன்பைத் தாங்க முடியவில்லை.

ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) நைஞ்சு போயிருக்கும்மா. ரொம்பக் குனிவீங்களா?"

"யோகா டீச்சர், சார்."

"இனிமே இழுக்கக் கூடாது. அந்த நாருக்கு வலுதான் வேணும். இப்படியே இழுத்தீங்கன்னா கிழிஞ்சிரும்."

"வகுப்பு?"

"மொதல்ல ஒழுங்கா உக்காருங்க. அதுக்கே மாசக்கணக்கா ஆகும். சில பேருக்குப் பழையபடி வராமலும் போவும்."

நான் இல்லாத நாட்களுக்கு மாணவிகளுக்குப் பழைய பதிவுகளை அனுப்பலாம் என்று, குப்புறப் படுத்தபடி ஒன்றைப் போட்டுக் கேட்டேன். தேன் தடவிய குரலில் ஒருத்தி, "வலி உங்களோடு பேசுகிறது, அதனுடன் தங்குங்கள்" என்றாள். நான்தான். பட்டென்று நிறுத்தினேன். வலியோடு தங்கித்தானே இந்தக் கதிக்கு வந்தேன்? எதையும் அனுப்பவில்லை.

வடகரை சுபைதா என்னிடம் நெடுநாளாகப் பயில்கிறவள். வகுப்பு ஏன் இல்லை என்று கேட்டு அழைத்தாள். நடந்ததைச் சொன்னேன். நீங்களெல்லாம் எழும்வரை நான் குனிந்தபடி காத்திருந்து காத்திருந்துதான் இப்படியானது என்றும் சொன்னேன்.

"யா அல்லாஹ்" என்றாள். "நாங்கல்லாம் நீங்க எந்திரிக்கட்டும்னுல்லா கெடந்தோம்! டீச்சர் குனிஞ்சிருக்கும்போது நம்ம எந்திரிச்சா மரியாதையா இருக்குமா? எனக்குக் கால் மரத்து, மரக்கட்டையாப் போவும்."

"வலிச்சா வெளிய வந்துருங்கன்னு சொல்லிருக்கேனே."

"சொல்லுவீங்க. நீங்க வர மாட்டீங்களே!"

அவர்களுக்காக நான், எனக்காக அவர்கள். இப்படியே பல மாதங்கள் கிடந்திருக்கிறோம். சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே அருவருப்பும் வந்தது. இத்தனை நாள் அதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டிப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

இயன்முறைப் பயிற்சியில் (மருந்தில்லாமல் உடற்பயிற்சியால் தேற்றும் முறை) குதிகாலைத் தரையில் அழுத்தச் சொன்னார்கள். பிறகு இடுப்பைத் தூக்கச் சொன்னார்கள், அதன் பிறகு எடை. இழுப்பது மட்டுமே தெரிந்த உடம்புக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மூச்சு வாங்கியது, வியர்வை நாறியது. கொஞ்சம் தேறி, அன்றே ஆசையில் குனிந்து பார்த்துத் திரும்பவும் படுக்கையில் விழுந்தேன். உங்களுக்கும் இப்படி நடக்கும். உங்கள் மேலேயே வெறுப்பு வரும். வரட்டும், மறுநாளும் குதிகாலை அழுத்துங்கள்.

மருத்துவர் சம்மதித்த பிறகு வகுப்பைத் தொடங்கினேன். எதையும் செய்து காட்டுவதில்லை. வலித்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டு, வாயால் சொல்கிறேன். கேமரா வேண்டாம், மைக்கைப் போடுங்கள், போதும் என்று தோன்றியதும் "எந்திரிச்சிட்டேன்" என்று உரக்கச் சொல்லுங்கள் என்றேன். முதல் நாட்களில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. குக்கர் விசிலும் பாங்கு ஓசையும்தான் வந்தன.

போன வாரம் ஓர் ஆசனத்தின் நடுவில் சுபைதாவின் குரல் கேட்டது.

"டீச்சர், கால் மரக்குது. நான் எந்திரிச்சிட்டேன்."

பின்னாலேயே இன்னொருத்தி, பிறகு இன்னும் இருவர். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

"நீங்க இப்ப என்ன செய்யுதீங்க டீச்சர்?" என்று கேட்டாள் சுபைதா.

"சும்மா உக்காந்திருக்கேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் குனிந்து நாற்காலியைப் பார்த்தேன். அன்றைய வகுப்பு தொடங்கியதிலிருந்து வலி தெரியாமல் அதில்தான் இருந்திருக்கிறேன். என் குரல் உடைவது அவர்களுக்குக் கேட்க வேண்டாம் என்று மைக்கை அணைத்தேன், எழுந்திருக்கவில்லை.