ஏற்காட்டு மலையில் இறங்கிய முள்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போனேன். பாதி மலை ஏறியதும் இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. பக்கத்தில் இருந்த பெண், "கொட்டாவி விடுங்க தாத்தா, சரியாப் போயிரும்" என்றாள். எனக்குக் கொட்டாவிக்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. கிழவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவள் ஜன்னலோரம் ஒதுங்கிக்கொண்டாள். அவளிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் விமானப்படையில் இன்ஜின் மெக்கானிக்காகப் பயிற்சியில் இருந்தேன். விமானம் என்றதும் என்னைப் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஏறிப் பறந்தவர்கள் வேறு ஆட்கள், நான் கீழே நின்று எண்ணெய் பூசிக்கொண்டவன். உலகப்போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுப்போன நாலு இன்ஜின் குண்டுவீச்சு விமானங்கள் அவை. ஒவ்வொரு இன்ஜினுக்கும் பின்னால் டர்போ என்று ஒரு சாமான் இருக்கும். இன்ஜின் கக்குகிற சூடான புகை அதில் ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, இன்ஜினுக்குள் தள்ளும். வீணாய்ப் போகிற புகையைப் பிடித்து வேலை வாங்குகிற அந்த யோசனையில் நான் சொக்கிப்போயிருந்தேன். எந்தச் சோப்புக்கும் போகாத கருகிய எண்ணெய் வாசம் என் சட்டையில் இருக்கும். படுக்கும்போது அதை மோந்து பார்த்துக்கொள்வேன் என்றால் நம்புவீர்களா?

என்னைக் கவிழ்த்தது ஒரு கேஜ். காற்றும் பெட்ரோலும் சிலிண்டர்களுக்குள் போகிற குழாய்க்கு மேனிஃபோல்டு என்று பெயர். அதற்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டுவதற்குப் பைலட் முன்னால் அந்தக் கேஜின் முள் இருக்கும். தேர்வில் கேட்டார்கள்: "இன்ஜின் நின்றிருக்கிறது. முள் முப்பதை ஒட்டி நிற்கிறது. என்ன கோளாறு?" நான் யோசிக்கவே இல்லை. "கேஜ் கெட்டுப்போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றேன். நான் லாரிக்காரர்கள் ஊரில் வளர்ந்தவன். டயரில் காற்று இல்லையென்றால் கேஜ் பூஜ்யம் காட்டும், பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் அப்படித்தான். ஓடாத இன்ஜினில் முப்பது காட்டினால் அது பொய்தானே?

ஃபெயில். இன்னொரு தடவை ஃபெயிலானால் உடுப்புக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் சட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான், இன்ஜின் பக்கம் தலைவைக்க முடியாது. கண்ணாடி விரிசல்விட்டுக் கழித்துப்போட்ட கேஜ் ஒன்றை வாத்தியார் என் கையில் கொடுத்து, "லீவு முழுக்க இதையே பார்" என்றார். அவமானமாக இருந்தது. ஆனாலும் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

சேலத்தில் அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்கா பெயர் திரேசா. அவள் புருஷன் சூசை மச்சான் மல்லசமுத்திரத்துக்காரர். பட்டாளத்தில் கழித்த ஒரு பெட்ரோல் லாரி வைத்து ஏற்காட்டு எஸ்டேட்டுகளுக்கு அரிசி ஏற்றிப் போவார். எதையும் ஒத்துக்கொள்ளாத மனிதர். பூசை முடிந்து வந்தால் சாமியார் பிரசங்கத்தைக்கூட மறுத்துப் பேசுவார். கேஜை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, எதுலயும் மாட்டாம இருவத்தொம்பது காட்டுது? இது கெட்டுப்போன சாமானுங்."

"கெடலைங்க மச்சான்."

"அப்பறம் எதைத்தான் காட்டுதுங்கறேன்?"

புத்தகத்தில் இருந்த பதிலை மனப்பாடமாக ஒப்பித்தேன், எனக்கே அது புரியவில்லை. அக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் மச்சானுக்கு ஏற்காட்டு லோடு. அங்கே சிநேகிதியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று அக்காவும் புளிச்சோறு கட்டிக்கொண்டு ஏறினாள். மூன்று பேரும் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கேஜ் என் மடியில். கொண்டை ஊசி வளைவு இரண்டு மூன்று தாண்டியிருப்போம், முள் அசைந்தது.

"மச்சான், எறங்குதுங்க!"

"லாரி குலுக்கல்ல எறங்குதுங் மாப்ள. நெசமா எறங்குச்சுன்னா மீசைய எடுத்துடறேன்."

பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து லாரி நின்றுவிட்டது. குலுக்கலே இல்லை. முள் இருபத்தேழில் அப்படியே நின்றது. அக்கா காதைக் குடைந்துகொண்டே, "எனக்குக் காது அடைக்குதுடா, உனக்கு?" என்றாள்.

எனக்கும் அடைத்திருந்தது. அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. டயர் கேஜ் வெளிக்காற்றைப் பூஜ்யமாக வைத்து அதற்கு மேல் எண்ணுகிறது. இதுவோ காற்றே இல்லாத இடத்திலிருந்து எண்ணுகிறது. நம்மைச் சுற்றி எந்நேரமும் அமுக்கிக்கொண்டிருக்கிற காற்றைத்தான் சும்மா கிடக்கும்போது காட்டுகிறது. மேலே போகப் போக அந்தக் காற்று இளைக்கிறது; முள் இறங்குவதும் காது அடைப்பதும் அதனால்தான்.

லாரியைச் சுற்றி ஓடினேன். "மச்சான், உங்க லாரி மூச்சு வாங்கறது பாரத்தால மட்டும் இல்லைங்க. காத்தும் பத்தலைங்க! டர்போ இருந்தா சேலத்துக் காத்தை மலைக்கே கொண்டாந்து குடுக்கும்!"

"சேலத்துக் காத்துல புழுதிதானுங் இருக்கு" என்றார், ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

சாயங்காலம் இறங்கும்போது முள் ஏறியது. "இதுவும் குலுக்கல்ங்களா?" என்று கேட்டேன். "மேடு ஏறுனா எறங்குது, பள்ளம் எறங்குனா ஏறுது. உங்களையாட்டவே தலகீழ்ச் சாமானுங்!" என்றார் மச்சான். அக்கா புரையேறச் சிரித்தாள். நானும் வீடு வரைக்கும் சிரித்தேன். அன்றைக்கு இருந்த மாதிரிச் சந்தோஷம் அப்புறம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை. இதை என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.

திரும்பப் போனதும் அதே கேள்வியைக் கேட்டார்கள். "கோளாறு ஒன்றும் இல்லை சார், அது வெளிக்காற்று" என்றேன். இன்ஜின் மெதுவாக ஓடும்போது முள் ஏன் இன்னும் கீழே போகிறது? காற்று வழி முக்கால்வாசி மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் இழுப்பதால். விமானம் கிளம்பும்போது ஏன் நாற்பதைத் தாண்டுகிறது? டர்போ வெளிக்காற்றைவிட அதிகமாகத் திணிப்பதால். பாஸ். உடுப்புக் கிடங்கு என்னிடமிருந்து தப்பித்தது.

அந்த விமானங்கள் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டன. பாதி மலையில் லாரியை நிறுத்தி ஆறப்போடுகிற வழக்கமும் போய்விட்டது. மச்சான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவும் இல்லை, மீசையை எடுக்கவும் இல்லை. அவர் போய் ரொம்ப வருஷமாகிறது. இப்போது வீட்டில் நான் எதைச் சொன்னாலும் "சரிங்கப்பா" என்று தலையாட்டிவிட்டு எழுந்து போகிறார்கள். எனக்கும் மச்சான் போன பிறகு புதிதாக ஒன்றும் விளங்கவில்லை.