எமல்டா செய்த கடல்

எமல்டாவின் தம்பி தொலைபேசியில் அழைத்தபோது, எனக்கு முன்னால் எமல்டாவின் கணினி வேலை செய்துகொண்டிருந்தது. முதல்நாள் மாலை, வேலணையில் எங்கள் வேலை அறையைப் பூட்டுமுன், கணினி இரவிரவாக வடித்தெடுக்கட்டும் என்று அவர் ஓடவிட்டுப் போன படம் திரையில் பாதி தெளிந்திருந்தது. "எங்கடை அக்கா விடியத் தலையிடிக்குதெண்டு கதிரையிலை இருந்தவ, பிறகு எழும்பேல்லை" என்றான். எமல்டாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் நம்ப முடியவில்லை.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவருடைய தொழில் விளங்கியதில்லை. வெளிநாட்டு வைன் போத்தல்களுக்கு லேபிள் வரைந்தார். வரைந்தார் என்பதும் சரியில்லை. கணினிக்குள் திராட்சையையும் கல்லையும் முப்பரிமாணத்தில் செதுக்கி, வெயில் விழுத்தி, படமாக வடித்தெடுப்பார். வாடிக்கையாளரோடு பேசுவது என் வேலை. மண்டைதீவில் அவர் வீட்டில் மற்ற எல்லாரும் கடற்றொழில்தான். ஒருமுறை, லேபிள் குளிரைத் தாங்குமா என்று பார்க்க, ஒட்டிய போத்தலைத் தம்பியின் மீன் ஐஸ் பெட்டிக்குள் புதைத்துவிட்டார். லேபிள் தாங்கியது, மீன் வாடைதான் போகவில்லை. "படத்திலை மணக்காது, பயப்பிடாதையும்" என்று சொல்லி, அதைப் படமெடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்ப என்னை வைத்தார்.

கடைசி வேலை ஒரு வெள்ளை வைனுக்கு. கடல் வேண்டும் என்றார்கள். எமல்டா, யாழ்ப்பாணத் தீவுகளுக்கு நடுவே அலையில்லாமல் கிடக்கும் தன் ஊர்க் கரையைச் செய்தார்: முழங்காலளவு தண்ணீர், அடியில் பாசி, வலை கட்டும் தடிகள். அலை எங்கே என்று கேட்டு எழுதினார்கள். எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை, கைவிட்டுப் போய்விடும் என்று நான் மன்றாடினேன்.

"எல்லாத்துக்கும் ஓம் சொல்ல நீர் ஒராள் போதும். நான் பிறந்த கடலிலை அலை இல்லை. போட என்னாலை ஏலாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். செய்தி வந்த காலை திரையில் தெளிந்துகொண்டிருந்ததும் அதே கடல். கொஞ்சமும் மாற்றியிருக்கவில்லை.

அடக்கம் முடிந்து வந்தால், எமல்டாவின் பெயருக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. அலை போட்டாயிற்றா என்று கேட்டிருந்தார்கள். படத்தின் கோப்பில் ஓர் இலக்கத்தை மாற்றினால் அலை எழும்பும். அது எனக்கே தெரியும். மாற்றவென்று கோப்பைத் திறந்தேன், பிறகு மூடிவிட்டேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் செய்ததைக் குழப்புவதா என்று என்மேலேயே கோபம் வந்தது. அவர் இறந்துவிட்டார், அலை போட முடியாது என்று எழுதிப் படத்தை அப்படியே அனுப்பினேன். அனுதாபம் சொல்லி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பதில் போட்டார்கள்.

எமல்டாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த 'ஏலாது' ஒன்றுதான். ஒரு வாடிக்கையாளரிடம் நான் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன கையோடு, எமல்டாவுக்குச் சொல்லவேண்டும் என்று தொலைபேசியை எடுத்துவிட்டேன்.