நீல டிக்

எந்த வலைத்தளத்துக்குள் போனாலும் முதலில் 'எல்லாவற்றையும் மறுக்கிறேன்' என்ற பொத்தானைத் தேடுகிற ஆள் நான். விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, பின்தொடர்வதைத் தடுக்க ஒன்று என்று என் பிரவுசரில் ஏகப்பட்ட காவல்காரர்கள். மடிக்கணினியின் கேமரா மேல் ஸ்டிக்கர். ஐயப்பன்தாங்கல் வீட்டில் என் மனைவி இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அப்படி என்ன ராணுவ ரகசியம் வெச்சிருக்கீங்க?" என்று கிண்டல் செய்வாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒரு மணி நேரம் பாடம் எடுப்பேன்.

போன வருடம் என்னிடம் உண்மையிலேயே ஒரு ரகசியம் வந்து சேர்ந்தது. அது என் தங்கையின் முகவரி.

புருஷனின் அடி தாங்க முடியாமல் எட்டு வயது மகளோடு பூந்தமல்லி வீட்டைவிட்டு வெளியேறியவள் அவள். ஆவடிப் பக்கம் சேக்காட்டில் சின்னதாக ஒரு போர்ஷன் பிடித்துக் கொடுத்தேன். கண்ணில் பட்டால் இரண்டு பேரையும் உயிரோடு விடமாட்டேன் என்று அவன் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அதனால் அவள் இருக்கும் இடம் என் மனைவிக்குக்கூடத் தெரியாது. தங்கைக்குப் புது நம்பர் வாங்கினேன். அவள் போன் இருப்பிடம் காட்டுவதை நிறுத்தினேன். மெசேஜைப் படித்துவிட்டோம் என்று காட்டும் நீல டிக்கை எப்படி நிறுத்துவது என்றும் சொல்லிக்கொடுத்தேன். அங்கேதான் தடுத்தாள்.

"அது மட்டும் இருக்கட்டும்ணா. நீ படிச்சிட்டேன்னு தெரிஞ்சாதான் எனக்குத் தைரியம்."

அவளுக்காக என் போனிலும் அதைத் திறந்துவிட்டேன். எனக்குப் பிடிக்கவே இல்லை.

பாப்பாவைப் புதுப் பள்ளியில் சேர்க்க டி.சி.யும் வாடகை ஒப்பந்த நகலும் கேட்டார்கள். தங்கை பூந்தமல்லியில் தலைகாட்ட முடியாது. அவள் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு நான் போய்ப் பழைய பள்ளியில் டி.சி.யை வாங்கினேன். எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. ஒப்பந்தத்தைத் தங்கை மெசேஜில் அனுப்பியிருந்தாள்.

"கட நம்பருக்கு அனுப்பிடுங்க சார், பிரிண்ட் போட்டுத் தந்துர்றேன்" என்றார் கடைக்கார பாய்.

எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு மனசு வருமா? ஊராரின் ஆதாரும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் கிடக்கிற அந்தப் போனில் தங்கையின் முகவரியும் கிடப்பதா? "வேணாம் பாய். உங்க கம்ப்யூட்டர்ல என் மெசேஜ் அக்கவுன்ட்டைத் திறந்து நானே எடுத்துக்கறேன்" என்றேன். பெரிய புத்திசாலி! திரையில் வந்த கியூ.ஆர். சதுரத்தை என் போனால் ஸ்கேன் செய்தேன். பக்கங்கள் வந்து விழுந்தன. வெளியேறலாம் என்று மவுஸை நகர்த்தியபோது கரண்ட் போனது. திரை அணைந்ததும் எல்லாம் முடிந்தது என்று காசைக் கொடுத்துவிட்டு ஆவடி பஸ் ஏறினேன்.

பருத்திப்பட்டு தாண்டும்போது தங்கை கூப்பிட்டாள்.

"மெசேஜ் பாத்துட்டு ஏண்ணா பதில் போடல?"

"நான் எதையும் பாக்கலையே. பஸ்ல வந்துட்டிருக்கேன்."

"நீல டிக் விழுந்து பத்து நிமிஷம் ஆச்சே."

திறந்து பார்த்தேன். 'முன்னால ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க. பிள்ளையார் கோயில் பின்னால வந்துடு. நானும் பாப்பாவும் வீட்லதான் இருக்கோம்.' அதற்கு மேலே முழு முகவரியோடு வாடகை ஒப்பந்தம். யாரோ படித்திருக்கிறார்கள். கரண்ட் வந்ததும் கடைக் கணினியின் பிரவுசர் என் அக்கவுன்ட்டோடு விட்ட இடத்திலிருந்தே திறந்திருக்கிறது. இப்படி ஆகும் என்று ஆபீஸில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் எச்சரிக்கை சொல்வதே நான்தான்.

இணைத்த கருவிகளின் பட்டியலில் கடைக் கணினி 'இப்போது செயலில்' என்று காட்டியது. அவசரத்தில் இரண்டு தடவை வேறெதையோ அழுத்தி, மூன்றாவது தடவைதான் துண்டித்தேன். நடந்ததைத் தங்கையிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

யார் பார்த்தது என்று தெரிந்தாக வேண்டும். இறங்கி எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன்.

"கரண்ட்டு வந்ததும் ஒருத்தரு வந்து ஒக்காந்தாரு சார்" என்றார் பாய். "யாரோ தொறந்து வுட்டுட்டுப் போயிக்கீறாங்கன்னு சொன்னாரு. கொஞ்ச நேரம் அதையே பாத்துகினு இருந்தாரு. அப்பால பிரிண்ட்டுகூட எடுக்காம பூட்டாரு."

"ஆள் எப்படி பாய்? உயரமா? மீசை இருந்துச்சா?"

"ஹெல்மெட்ட கயட்டவே இல்ல சார்."

கல்லாவுக்கு மேலே ஒரு கேமரா இருந்தது. கேமராவைக் கண்டாலே எரிந்து விழுகிற நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "அதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க பாய்."

"அது ஓடாது சார். பாக்கறவன் பயப்படட்டும்னு சும்மா மாட்டிகீறேன்."

ஆட்டோ பிடித்து சேக்காட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஹெல்மெட் போட்ட ஒவ்வொருவனையும் உற்றுப் பார்த்தேன். போர்ஷன் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பாப்பாவின் ஒற்றைச் செருப்பு மட்டும் இருந்தது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவங்க ரெண்டு பேரும் பையத் தூக்கிகினு அப்பவே ஆட்டோல பூட்டாங்களே" என்றார்.

போன் போட்டேன். எடுத்தாள்.

"எங்கே இருக்கே?"

"உன்மேல கோவம் இல்லண்ணா. ஆனா உனக்குத் தெரியாம இருந்தாதான் பாப்பாவுக்கு நல்லது. டி.சி.ய வீட்டுக்காரம்மாகிட்ட குடுத்துடு. ஆள் அனுப்பி வாங்கிக்கறேன்."

டி.சி.யையும் அந்த ஒற்றைச் செருப்பையும் கொடுத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தேன். என்மேலேயே அப்படியொரு கோபம். வந்தவன் அவள் புருஷனா, யாரோ வழிப்போக்கனா? இன்றுவரை தெரியாது.

மாதத்துக்கு ஒரு தடவை அவளே கூப்பிடுகிறாள். பாப்பாவும் பேசுகிறாள். எந்தப் பள்ளி என்று நான் கேட்பதில்லை. இடையில் நான்தான் மெசேஜ் போடுகிறேன். இரண்டு டிக் விழுகிறது. நீலமாக மாறுவதில்லை. அதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.